பூட்டனின் படத்தோடு நடப்பது: கசக்ஸ்தான் சிறுபான்மையினர் வழியில் கொழும்பில் ஒரு போர் நினைவு

இரண்டாம் உலகப் போர் வெற்றி நாளான மே 9 காலையில் அல்மாட்டி நகரின் 28 பன்பிலோவ் வீரர் பூங்காவுக்குப் போகிறவர்கள் பூவோடு ஒரு படப்பலகையையும் கையில் எடுத்துப்போவார்கள். பூட்டனின் முகம், பெயர், பிறந்த ஊர், படைப்பிரிவு, ஆண்டு. பலகையில் இருப்பது அவ்வளவுதான். 2012-இல் சைபீரியாவின் தொம்ஸ்க் நகரில் தொடங்கி கசக்ஸ்தானுக்கும் பரவிய வழக்கம் இது. ஊர்வலம் இல்லாத ஆண்டுகளில் அதே படம் வீட்டுக் கூடத்தில் நிற்கும். உய்குர், துங்கான் (சீன மொழி பேசும் முஸ்லிம்கள்), கொரியர், ஜேர்மானியர், செச்சென் என்று அங்கே வாழும் சிறுபான்மைச் சமூகங்கள் இதோடு தங்கள் சொந்தச் சாப்பாட்டையும் தொழுகையையும் கல்லறை வழிபாட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். அரசாங்கத்தின் தூபியில் பெயர் இல்லாதவருக்கும் குடும்பம் இடம் கொடுக்க முடிகிறது என்பதுதான் இந்த முறையின் பலம்.

கொழும்பில் இதற்குத் தேவை இருக்கிறது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் இந்த நகரத்தின் மீது குண்டு போட்டன. துறைமுகத்தில் ஹெக்டர், டெனடோஸ் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின; அங்கொடை மனநல மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. இலங்கைப் படையணிகளிலும் பர்மா முனையிலும் வணிகக் கப்பல்களிலும் இருந்த தமிழர், முஸ்லிம்கள், மலாயர் பலரின் படங்கள் இன்னும் வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. அந்தப் படங்களை வெளியே எடுப்பதற்கான வழிமுறை இது.

முதலில் சொற்களில் ஒரு கவனம். ‘மாவீரர்’, ‘ரணவிரு’ ஆகிய இரண்டு சொற்களும் இந்த நாட்டில் பின்னர் நடந்த உள்நாட்டுப் போரோடு கட்டுண்டவை. பலகையிலோ அழைப்பிதழிலோ அவற்றைப் போட்டால் நீங்கள் நினைவுகூருவது யாரை என்பது முதல் பார்வையிலேயே பிழையாக விளங்கப்படும். ‘இரண்டாம் உலகப் போர், 1939–1945’ என்று ஆண்டோடு எழுதுங்கள். படையணியின் பெயரையும் சேர்த்தால் மயக்கத்துக்கே இடமில்லை.

யாருக்கு இடம்

கசக்ஸ்தானிலிருந்து சுமார் 12 இலட்சம் பேர் போருக்குப் போனார்கள் என்றும் அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் திரும்பவில்லை என்றும் சொல்வார்கள். எல்லோரையும் துப்பாக்கியோடு அனுப்பவில்லை. கொரியர்கள் 1937-இல், சுமார் 1,72,000 பேர், தூரகிழக்கிலிருந்து ரயிலேற்றப்பட்டு கசக்ஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் இறக்கப்பட்டவர்கள். வொல்கா ஜேர்மானியரை வெளியேற்றும் ஆணை 1941 ஆகஸ்ட் 28-இல் வந்தது. ‘நம்ப முடியாதவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்ட இவர்களில் பலரைப் போர்முனைக்கு எடுக்காமல் ‘துருதார்மியா’ எனப்பட்ட உழைப்புப் படைக்கு அனுப்பினார்கள். சுரங்கத்திலும் காட்டிலும் பசியால் செத்தவர்களுக்குப் பதக்கமும் இல்லை, படைவீரர் பட்டியலும் இல்லை. இன்று அந்தக் குடும்பங்கள் அவர்களையும் போரின் இழப்பாகவே கணக்கிடுகின்றன. அரசியல் அடக்குமுறையில் பலியானோரை நினைக்கும் மே 31 அவர்களுக்கு மே 9 அளவுக்கே கனமான நாள்.

இங்கே அதற்கு ஈடான பெயர் சயாம் மரண ரயில். 1942–43-இல் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீற்றர் பாதை போட மலாயாவிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்களில் பல்லாயிரம் பேர் கொலராவிலும் பசியிலும் மடிந்தார்கள். போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியிலும் தன்பியூசயாட்டிலும் பெயர் பொறித்த வரிசைக் கல்லறைகள் இருக்கின்றன. தொழிலாளிகளில் பெரும்பாலானோருக்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை. ஆகவே குடும்பத்தில் ‘மலாயாவுக்குப் போனவர், பிறகு கடிதம் வரவில்லை’ என்ற ஒரு வரி மட்டும் மிஞ்சியிருந்தாலும் அவருக்குப் பலகை செய்யுங்கள். படம் இல்லையென்றால் வெற்றுச் சட்டத்தில் பெயர் மட்டும் போதும். வேறு யாருடையவோ சீருடைப் படத்தைக் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்புவதுதான் பெரிய பிழை.

தகவல் சேர்த்தல்

பலகைக்கு ஐந்து விடயங்கள் போதும், ஆனால் ஐந்தும் உறுதியாக இருக்க வேண்டும். வீட்டில் மூத்தவரிடம் கேட்கும்போது “அப்பப்பா ஆமியில என்னவா இருந்தவர்?” என்று தொடங்காதீர்கள். “தெரியாது பிள்ளை” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். படத்தைக் கையில் கொடுத்து, “இதை எங்க வைச்சு எடுத்தது? பக்கத்தில நிக்கிறது யார்?” என்று கேளுங்கள். இடமும் ஆளும் நினைவுக்கு வந்தால் ஆண்டு தானாக வரும். சொன்னவரின் பெயரையும் சொன்ன திகதியையும் அன்றே எழுதிவையுங்கள்.

பிறகு பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையப் பட்டியலில் தேடலாம், கட்டணம் இல்லை. 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை சேவையில் இறந்தவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள். போர் முடிந்து வீடு திரும்பி 1960-இல் இறந்த மூத்தவாப்பாவை அங்கே தேடி மனம் சோரவேண்டாம். வணிகக் கப்பல்களோடு கடலில் மறைந்தவர்களில் பலருக்கு லண்டன் டவர் ஹில்லில் நினைவகம் உண்டு; இந்தியக் கப்பலாளர்களுக்குப் பம்பாயிலும் சிட்டகாங்கிலும் இருக்கிறது.

தேடும்போது கைவிடவைப்பது எழுத்துக்கூட்டல். கந்தையா என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ‘கே’யில் தொடங்கியும் ‘சி’யில் தொடங்கியும், நடுவில் ‘டி’ போட்டும் ‘டிஎச்’ போட்டும் எழுதியிருப்பார்கள். தகப்பன் பெயரையே குடும்பப் பெயராகப் பதிந்திருப்பார்கள். பெயரின் முதல் மூன்று எழுத்தையும் ‘இலங்கை’ படையணியையும் மட்டும் கொடுத்துப் பட்டியலை இறக்கி, கண்ணால் வரிவரியாகப் பாருங்கள். ரஷ்யாவின் ‘பாமியத் நரோதா’ என்ற போர்வீரர் தரவுத்தளத்தில் உய்குர், துங்கான் குடும்பங்கள் படும் பாடும் இதேதான். சோவியத் செம்படையின் எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். அதனால் அவர்கள் பெயரை விட்டு ஊரைப் பிடித்துத் தேடுகிறார்கள். அதிலும் ஒரு பொறி உண்டு: ஊரின் பழைய பெயர் வேண்டும். சோவியத் ஒன்றிய வீரர் பட்டம் பெற்ற துங்கான் இனத்தவரான மன்சுஸ் வனாஹுன் பிறந்த கராகுனுஸ் கிராமம் இன்று மசாஞ்சி. நம் பக்கத்தில் விகாரமகாதேவிப் பூங்காவைத் தேடுகிறவர் ‘விக்டோரியா’ என்றும், கொம்பனித்தெருவைத் தேடுகிறவர் ‘ஸ்லேவ் ஐலண்ட்’ என்ற அதன் பழைய ஆங்கிலப் பெயரிலும் தேடவேண்டும்.

பதக்கம் கிடைத்தால் பின்புறத்தையும் விளிம்பையும் பாருங்கள். இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் நட்சத்திரப் பதக்கங்கள் பெரும்பாலும் பெயர் பொறிக்காமல் வழங்கப்பட்டவை. பர்மா நட்சத்திரம் பர்மா முனையைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. செம்படையின் செந்நட்சத்திர விருது போன்றவற்றில் வரிசை எண் இருக்கும். கசக்ஸ்தானில் அந்த எண்ணைக்கொண்டே ஆளைப் பிடித்துவிடுகிறார்கள். எந்தப் பதக்கத்தையும் மினுக்கப் பசை போட்டுத் தேய்க்காதீர்கள். படிக்க வேண்டிய எழுத்துத்தான் முதலில் தேயும்.

கிடைத்ததற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். தளபதி பன்பிலோவின் 316-ஆம் படைப்பிரிவு 1941-இல் அல்மாட்டியில் திரட்டப்பட்டது. பல இனத்தவர் ஒன்றாக நின்று மொஸ்கோவைக் காத்த பிரிவு. ஆனால் நவம்பர் 16-இல், அல்மாட்டிப் பூங்காவின் பெயரில் உள்ள அந்த 28 பேரும் ஒரே இடத்தில் மாண்டார்கள் என்று பத்திரிகை எழுதியதை 1948-இல் சோவியத் இராணுவச் சட்டத்துறையே விசாரித்து, அது எழுதியபடி நடக்கவில்லை என்று கண்டது. அந்த 28 பேரில் சிலர் உயிரோடு இருந்தார்கள். படைப்பிரிவின் உண்மையான தியாகத்துக்கு அந்தக் கூட்டல் தேவையே இல்லை. கூட்டியதால் சந்தேகம்தான் மிஞ்சியது. சமையற்காரராக இருந்தவரைச் சமையற்காரர் என்றே எழுதுங்கள். படைக்குச் சோறு போட்டவரும் படையில்தான் இருந்தார்.

படமும் பலகையும்

பழைய படம் பெரும்பாலும் 3.5 சென்ரிமீற்றர் அகலக் கடவுச்சீட்டுப் படமாக இருக்கும். அதை 300 புள்ளியடர்த்தியில் ஸ்கான் பண்ணி ஏ3 அளவுக்குப் பெருப்பித்தால் முகம் சேறாகிவிடும். 1200-இல் எடுத்தால் அகலத்துக்கு சுமார் 1,650 புள்ளிகள் கிடைக்கும். 28 சென்ரிமீற்றர் அகலத்தில் அச்சடிக்க அதுவே அளவு. தொலைபேசியில் எடுப்பதானால் நிழலில், மின்னொளி இல்லாமல், படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுக்க வேண்டும். சட்டக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவோ நனைக்கவோ வேண்டாம், மேற்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் பண்ணுங்கள். நிறமூட்டித் தரும் செயலிகளை விலக்குங்கள். அவை கண்ணையும் மூக்கையும் தாங்களே வரைந்துவிடும், தோளில் இல்லாத பட்டியையும் போட்டுவிடும்.

பலகைக்கு 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள நுரைமட்டை, 30 x 42 சென்ரிமீற்றர். பிடிக்கு 1 மீற்றர் நீள மரத்தடி. அதில் 35 சென்ரிமீற்றர் மட்டையின் பின்னால் ஏறவேண்டும். அதற்குக் குறைந்தால் கழுத்தில் முறியும். இதைவிடப் பெரிதாகச் செய்ய ஆசை வரும். காலிமுகத்திடல் போன்ற கடற்காற்றில் பெரிய பலகை பாயாக மாறும், வயதானவர் கையை முறுக்கிவிடும். படம் மேலே மூன்றில் இரண்டு பங்கு, எழுத்து கீழே ஒரு பங்கு. பெயரின் எழுத்துயரம் 3 சென்ரிமீற்றர், மற்ற வரிகள் 1.5. தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் ஓடுவதால் வரியிடைவெளியை ஒன்றரை மடங்கு வையுங்கள். தமிழுக்குக் கீழே பதிவேட்டில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலையும் சிங்களத்தில் பெயரையும் சிறிதாகப் போட்டால் பக்கத்தில் நடப்பவருக்கும் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியும்.

அச்சகத்துக்குத் தட்டச்சுக் கோப்பை அனுப்பாதீர்கள். அங்கே பாமினி எழுத்துருவில் திறந்தால் யுனிகோட் தமிழ் குப்பையாகிவிடும். அவசரத்தில் யாரும் கவனிக்காமல் அப்படியே அச்சாகும். பிடிஎஃப் ஆக்கி அனுப்பி, ஒரு ஏ4 தாளில் மாதிரி எடுத்து, தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகே பெரிதாக அடியுங்கள். லாமினேட் பண்ணும்போது மினுக்கத்தைத் தவிர்த்து மங்கல் பூச்சைக் கேளுங்கள். இல்லாவிட்டால் கொழும்பு வெயிலில் முகத்துக்குப் பதில் வெளிச்சம்தான் தெரியும்.

நாள் குறித்தல்

செச்சென் மக்களுக்குப் பெப்ரவரி 23 சோவியத் படையினர் நாளாக இருந்தது. 1944-இல் அதே நாளில்தான் அவர்களை மொத்தமாக ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்தத் தொடங்கினார்கள். ஊர் கொண்டாடும் நாள் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கொரியக் குடும்பங்கள் ஹன்சிக் நாளில், ஏப்ரல் 5 அல்லது 6, கல்லறையைத் துப்புரவாக்கி, சாப்பாடு படைத்து வணங்குகிறார்கள். கொழும்புக்கு ஏப்ரல் 5 தானாகவே பொருந்தி வரும் நாள். நவம்பர் 11-ஐ ஒட்டி விகாரமகாதேவிப் பூங்காவின் தூபியில் முன்னாள் படையினர் மலர் வைக்கிறார்கள். முதலாம் உலகப் போரில் இறந்தவர்களுக்காகக் காலிமுகத்திடலில் நிறுவிய தூபி அது. இரண்டாம் போரில், ஜப்பானியப் பீரங்கிக்கு அடையாளமாகிவிடும் என்று பயந்து இங்கே மாற்றினார்கள்.

இறந்த திகதி தெரியாத இந்துக் குடும்பங்களுக்கு ஆடி அமாவாசை இருக்கிறது. இறந்த தாயை நினைப்பதானால் சித்திரா பௌர்ணமி. முஸ்லிம் வீடுகளில் ஹிஜ்ரி திகதி பார்த்துக் கத்தம் ஓதலாம். கத்தோலிக்கர் பங்குத்தந்தையிடம் ஒரு மாதம் முன்பே பூசைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். மே 9-ஐத் தேர்ந்தால் பிற்பகலைத் தவிர்த்துவிடுங்கள், இடிமழைக் காலம்.

ஏழு ரொட்டி

கசக் வீடுகளில் இறந்தவரை நினைத்து வியாழன் அல்லது வெள்ளியில் ஏழு ‘ஷெல்பெக்’ ரொட்டி பொரித்து, குர்ஆன் ஓதி, அயலாருக்குப் பகிர்வார்கள். எண்ணெய் காயும் வாசம் முன்னோரைப் போய்ச்சேரும் என்பது அதன் உள்ளர்த்தம். ஏழு எண்ணுக்கு, ஏழு தலைமுறைப் பாட்டன்மாரின் பெயரைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவர்களின் வழக்கத்தைக் காரணம் காட்டுவோர் உண்டு. உய்குர் மக்களின் மஹல்லாக்களில் (குடியிருப்புகளில்) ‘நசிர்’ எனும் நினைவு விருந்தை ‘ஜிகித் பெஷி’ என்ற ஊர்த்தலைவர் முன்னின்று நடத்துவார்: யார் அரிசி, யார் இறைச்சி, யார் பாய் விரிப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. நீங்களும் ஒருவரை அப்படிப் பொறுப்பாக்குங்கள். எல்லோரும் சேர்ந்து பார்ப்போம் என்றால் கடைசியில் தண்ணீர் வாங்கக்கூட ஆள் இருக்காது.

உங்கள் வீட்டுப் படையல் எதுவோ அதுவே முதலில் வரவேண்டும். ஷெல்பெக்கும் செய்ய விரும்பினால் ஏழுக்கு அளவு இது: கோதுமை மா 500 கிராம், இளஞ்சூடான பால் 280 மில்லிலீற்றர், உருக்கிய பட்டர் 2 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, சீனி 1 தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி. கொழும்பில் மா ஏற்கெனவே ஈரம் பிடித்திருக்கும். பாலில் 50 மில்லிலீற்றரை ஒதுக்கிவைத்துக் குழைத்து, தேவையானால் மட்டும் சேருங்கள். காதுமடல் போல மெதுவானதும் ஈரத்துணி மூடி 30 நிமிடம் விடவேண்டும். அவசரப்பட்டால் உருட்டும்போது மா சுருங்கிச் சுருங்கி உள்ளே போகும்.

ஏழு உருண்டையாக்கி, ஒவ்வொன்றையும் 20 சென்ரிமீற்றர் வட்டமாக, 3 மில்லிமீற்றர் தடிப்பில் உருட்டி, நடுவில் கத்தியால் ஒரு சிறு கீறல் போடுங்கள். கீறாவிட்டால் பூரிபோல் உப்பி, ஒரு பக்கம் வேகாமல் நிற்கும். அகலத் தாச்சியில் எண்ணெய் இரண்டு விரற்கடை. ஒரு துணுக்கு மாவைப் போட்டுப் பாருங்கள்: கீழே போய் உடனே மேலெழும்ப வேண்டும். அடியிலேயே கிடந்தால் சூடு போதாது, ரொட்டி எண்ணெயைக் குடித்துவிடும். போட்டதுமே கறுத்தால் சூடு மிஞ்சிவிட்டது. பக்கத்துக்கு 40 முதல் 60 விநாடி, ஒரேயொரு தடவை திருப்பி, கண்ணகப்பையால் வடித்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துணியால் மூடுங்கள். மூடாமல் விட்டால் அப்பளம் போல விறைக்கும். தேங்காயெண்ணெயில் பொரித்தால் அந்த வாசம் நம் வீட்டு வாசமாக இருக்கும். அதில் பிழையேதும் இல்லை.

நாளன்று

வீட்டிலோ கோயில், பள்ளிவாசல் மண்டபத்திலோ செய்தால் சிக்கல் இல்லை. பூங்காவில் கூடுவதானால் கொழும்பு மாநகர சபைக்கு எழுத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறுங்கள். வீதியில் நடப்பதானால் பொலிஸுக்கும் கடிதம் கொடுக்க வேண்டும். இரண்டையும் மூன்று கிழமைக்கு முன்பே, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ, பெயர்ப்பட்டியலை இணைத்துக் கொடுங்கள். பட்டியலைப் பார்த்தாலே நோக்கம் விளங்கிவிடும்.

கொழும்பின் கனத்தை மயானத்திலும் லிவரமென்டு கல்லறையிலும் போர்க் கல்லறைகள் இருக்கின்றன. கல்லின் மேல் விளக்கு, கற்பூரம், மெழுகுதிரி எதையும் ஏற்றாதீர்கள். எண்ணெய்க்கறை கல்லுக்குள் இறங்கினால் போகாது. ஒரு தட்டில் வைத்துத் தரையில் ஏற்றி, அணைந்தபின் எடுத்துப்போங்கள். எழுத்துத் தெரியவில்லையென்று சுண்ணாம்போ மாவோ பூசவும் கூடாது. ஈரக்கடற்பஞ்சால் ஒற்றினால் போதும்.

அணிந்துகொள்ள நமக்கென்று ஒரு பூ இருக்கிறது. கசக்ஸ்தானில் இப்போது பலர் நாட்டுக் கொடியின் நீலமும் மஞ்சளும் கொண்ட நாடாவைக் குத்துகிறார்கள். 1930-களில் இலங்கையில், போர் நினைவாகப் பொப்பிப்பூ விற்ற பணம் பிரிட்டனுக்குப் போகிறதென்று எதிர்த்து, சூரியமல் இயக்கத்தார் பூவரசம்பூவை விற்றார்கள். காலையில் மஞ்சளாக விரியும் பூவரசு மாலையில் செந்நிறமாகிச் சுருண்டுவிடும். ஆகவே அன்று விடியவே பறித்து, காம்பை ஈரப்பஞ்சில் சுற்றி, பத்து மணிக்குள் நிகழ்வை முடியுங்கள்.

பெயர் வாசிப்பு அகரவரிசையில் இருக்கட்டும். பதவி வரிசை வைத்தால் கூலியாக இறந்தவர் கடைசிக்குத் தள்ளப்படுவார். ஒரு பெயருக்கு 5 விநாடி விட்டால் 40 பெயர் மூன்றரை நிமிடத்தில் முடியும். அந்தந்த வீட்டாரே தங்கள் பெயரை வாசிக்கட்டும். ஒலிவாங்கி கையில் வந்ததும் வரலாறு சொல்லத் தொடங்குவோரும் உண்டு. அதற்கு ஷெல்பெக்கும் தேநீரும் பரிமாறும் நேரத்தைக் கொடுத்து, அப்போது ஒருவர் குறிப்பெடுங்கள். அங்கேதான் புதிய தகவல் வரும்.

எல்லாம் முடிந்தபின் தடியைக் கழற்றி, பலகையைப் பழைய பருத்திச் சேலையில் சுற்றி நிமிர்த்தி வையுங்கள். பொலித்தீனில் கட்டினால் இரண்டு மழைக்காலத்தில் பூஞ்சணம் படத்தைத் தின்றுவிடும். சுற்றுவதற்கு முன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: எந்தத் தகவலை யார் சொன்னது, எந்த நாள், எது இன்னும் உறுதியாகவில்லை.